கொதிக்காத பெயின்ட்

குண்டசாலை மாதிரி வாகனச் சங்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள். ஏழு பேருக்குப் பதவி உண்டு. பதவியில்லாத இருவரில் ஒருத்தி தையல்காரி றம்லத். மூன்று வருடமாகக் கண்காட்சிக்குப் பதாகை தைப்பவள் அவள்தான். அவள் செய்த வாகனம் ஒன்றுகூடக் கண்காட்சி மேசை ஏறியதில்லை.

இந்த வருடம் ஏறவேண்டும். ‘கண்டி – மடுல்கெல்ல’ பஸ், ஒரு முழ நீளம். ஜன்னல் சட்டம் முதல் கூரை ஏணி வரை அவளே வெட்டி ஒட்டியது. சிவப்புப் பூசுவது மட்டும் பாக்கி. அன்று மாலை ஆறு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் இடமில்லை என்று தலைவர் வில்பிரட் விதி எழுதி வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர்; விதி எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

மூன்று மணிக்கு, காற்றால் பெயின்ட் தெளிக்கும் சங்கத்தின் எயார்பிரஷ் துப்பத் தொடங்கியது. சோதித்துப் பார்க்க வைத்திருந்த பிளாஸ்டிக் கரண்டியில் சிவப்பு பொட்டுப் பொட்டாக விழுந்தது. விசையை அழுத்தும்போதெல்லாம் பெயின்ட் கிண்ணத்தில் குமிழி கிளம்பியது.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“கொதிக்குது.”

“என்ன சேர்?”

“பெயின்ட் கொதிக்குதும்மா. கண்டி உசரமான எடம். உசரத்துல எல்லாம் சீக்கிரமா கொதிக்கும். சயன்ஸ்!”

அதற்குக் காற்றுத் தரும் கொம்பிரசரின் அழுத்தத்தை நாற்பதுக்கு ஏற்றினார். கரண்டியில் சிவப்பு சிலந்திக் கால்களாக நாலாபுறமும் ஓடியது.

“பாத்தீங்களா? கொழும்புக்கு எழுதி மலநாட்டுக்குன்னு தனியா ஒரு பெயின்ட் எடுப்பிக்கணும்.”

றம்லத் கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டாள்.

“ஜில்லுண்டு ஈக்கி, சேர்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்னால் போகவேண்டிய காற்று கிண்ணத்துக்குத் திரும்பி வருகிறதென்றால் எங்கோ இடைவெளி இருக்கவேண்டும். அவள் பெயின்ட் வெளிவரும் முனையிலிருந்த நொசிலைத் தொட்டாள். ஆடியது.

“நேத்து இதக் கழுவின ஆரு?”

“நாந்தான்! அக்கக்காப் பிரிச்சுக் கழுவுனேன்.”

“பிரிச்சது சரி சேர். பூட்டினதுதான் காணல்ல.”

நூலுக்குப் பூசும் தேன்மெழுகில் ஒரு துளி கிள்ளி, துவாரத்தில் படாமல் நொசிலின் புரிகளில் மட்டும் தடவி, சின்ன ஸ்பானரால் இறுக்கினாள். அழுத்தத்தை இருபதுக்கு இறக்கினாள். குமிழி நின்றது. கரண்டியில் சிவப்பு மூச்சுக்காற்றைப் போலப் படிந்தது.

பிறகு பஸ். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்து. ஐந்தரைக்கு அதன் பளபளப்பில் தலைவரின் முகம் தெரிந்தது. அவர் பெயர் அட்டையையும் பேனாவையும் எடுத்தார்.

“‘தொழில்நுட்ப ஆலோசனை: வில்பிரட்’னு கீழ ஒரு வரி போடுவமா?”

“அட்டையில எடமில்ல சேர். பஸ்ஸுல சீட் ஈக்கி, பின்னால ஏறுங்க.”

பேனாவை வாங்கித் தன் பெயரை மட்டும் எழுதினாள். பஸ்ஸை இரு கையிலும் ஏந்திக்கொண்டு கண்காட்சி மண்டபத்துக்குப் போனாள். மேசையின் நடுவில் தலைவரின் போர் விமானம் நின்றது. அதை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் பஸ்ஸை நிறுத்தினாள்.