நீலத் தண்ணீர்

சளி உறிஞ்சும் இயந்திரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். இனி அதற்கு வேலையில்லை. விடியலில் நிமோனியா கொண்டுபோன கணவர் கூடத்தில் கிடந்தார். மூச்சுக்காகப் போட்டிருந்த கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துண்டு.

கப்பல்காரர் என்பார்கள் அவரை. கப்பலை அவர் பார்த்ததெல்லாம் நாட்காட்டிப் படத்தில்தான். ஆனாலும் ஒரு புயலில் பாதிக் கடலைக் குடித்துவிட்டு, மீதியை மீன்களுக்காகப் பெரிய மனதோடு விட்டுவந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு கரண்டி நீலத் தண்ணீரில் தோற்றுப்போனார்.

ஆஸ்பத்திரியில் செய்த விழுங்கும் சோதனை அது. சாயம் கலந்த தண்ணீரை வாயில் விட்டு, கழுத்துக் குழாய் வழியே உறிஞ்சிப் பார்த்தார்கள். பாட்டிலில் நீலம் வந்து விழுந்தது.

“வயித்துக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போகுது. இருமல் வரலையேன்னு ஏமாந்துடாதீங்கம்மா, இவருக்கு இருமலே வராது. வாய்வழியா ஒரு சொட்டுகூடக் கூடாது” என்றாள் சோதித்த பெண்.

அதன்பிறகு எல்லாம் மூக்குக் குழாயில்தான். அவர் சைகையால் டீ கேட்பார். இவள் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைப்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். துளையை விரலால் மூடினால் பேசலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் மூடவே இல்லை. முடியவில்லை போலும் என்றிருந்தாள்.

“நாக்கு வறண்டே போய்ச் சேந்துட்டான். கல்நெஞ்சுக்காரி!” என்றது கூடத்தில் ஒரு குரல்.

நாத்தனார் டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். மத்தியானங்களில், “நீ போய்க் கண்ணசருடி” என்று இவளை அனுப்பிவிட்டுத் தம்பிக்குத் துணையிருந்தவள்.

“குடி. அவங்க கெடக்காங்க. அவன் ஒண்ணும் வறண்டு போகல. மத்தியானம் மத்தியானம் நான் டீ குடுத்தேன்.”

“அண்ணி!”

“ஒரு இருமல் இல்லடி. கெணத்துல வாளி எறங்குன மாதிரி எறங்குச்சு. அவன்தான், ‘அவகிட்ட சொல்லிராதக்கா, மெஷினத் தூக்கிட்டு வந்துருவா’ன்னான். குடிச்சுட்டு புயல் கதை சொல்வான். இந்தத் தடவ கடல மிச்சமே வைக்கல.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

“பேசினாரா?”

“பேசாம? அவன் வாய் என்னைக்கு ஓஞ்சுது?”

இவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். நாத்தனார் போனதும் இயந்திரத்தின் பொத்தானைத் தட்டினாள். அது பழைய உறுமலோடு கிளம்பியது. குழாய் நுனியை டீக்குள் விட்டாள். சர்ரென்று ஏறிப் பாட்டிலில் விழுந்தது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ரத்தமோ ரத்தமோ என்று பயந்து, இத்தனை நாளும் அவள் கழுவி ஊற்றிய அதே நிறம்.

“தூக்கலாமா? எங்க அவ?” என்றார்கள் வெளியே.

அவள் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.