நாலாவது செங்கல்

கொட்டகையின் ஒரு கோடியில் சுழலும் மூன்று கொக்கிகளிலும் துணித் திரிகளை மாட்டிவிட்டு, அவன் மறுகோடிவரை நடந்தான். அங்கே நின்ற சின்ன வண்டியின் ஒற்றைக் கொக்கியில் மூன்று திரிகளின் நுனிகளையும் சேர்த்துக் கட்டினான். யாரோ வீசியெறிந்த குழந்தை வண்டியின் சக்கரங்கள்தான். மேலே ஒரு பலகை. பலகையின் மேல் நான்கு செங்கல்.

"இன்னொரு தடவை சொல்லிக் காட்டு," என்றான்.

தங்கை கையிலிருந்த துணிப்பந்தைக் கீழே போட்டாள். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என்னை விடுண்ணா."

தையல் கம்பெனிகள் குப்பையில் கொட்டும் வெட்டுத் துணியைக் கயிறாக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவதும், முறுக்கிய கயிற்றைக் கடைகடையாக ஏறி இறங்கி விற்பதும் அவள் வேலை. இயந்திரம் மட்டும் அவனுடையது. தெருவில் அவனுக்கு மோட்டார் என்றே பெயர்.

கயிற்றுக்குள் நடப்பது ஒரு வேடிக்கையான சண்டை. மூன்று திரிகளையும் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கினால் ஒவ்வொன்றும் பிரிந்துகொள்ளத் துடிக்கும். அந்தத் துடிப்போடு அவற்றை எதிர்ப்பக்கமாக ஒன்றின் மேல் ஒன்று சுற்றவிட்டால், ஒன்று பிரியப் பார்க்கும்போது மற்ற இரண்டும் இன்னும் இறுகும். பசையும் இல்லாமல் முடிச்சும் இல்லாமல் கயிறு நிற்பது அப்படித்தான். ஆனால் முறுக்க முறுக்க நீளம் குறையும். அதற்கேற்ப மறுமுனை மெல்ல முன்னால் நகர வேண்டும். போன வருஷம்வரை அவன் மனைவிதான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தாள். அதில் தோள்பட்டை போய், இப்போது அவளால் தலைகூட வார முடியவில்லை. அவள் இடத்துக்கு வந்ததுதான் இந்த வண்டி. பாரம் குறைந்தால் கயிறு சுருண்டுகொள்ளும், கூடினால் திரி அறுந்துவிடும். சரியான பாரத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

கொக்கிகளைச் சுழற்றியது உடைந்த துணி துவைக்கும் மிஷினிலிருந்து கழற்றிய மோட்டார். கொஞ்ச நேரம் ஓடினாலே தீய்ந்த வாடை அடித்தது. இளைஞர் தொழிலுக்கான அரசு மானியம் கிடைத்தால் நல்ல மோட்டார் வாங்கலாம். கிடைக்காவிட்டால் இதுவும் சீக்கிரம் கருகும். பிறகு கையால் சுற்ற வேண்டியதுதான். அவன் ஒருவனால் கைப்பிடியையும் சுற்றி வண்டியையும் பார்க்க முடியாது. மனைவி மறுபடி அந்த முனைக்கு வந்தாக வேண்டும்.

மானியத்துக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவன் போன வருஷமே அதைத் தாண்டிவிட்டான். அதனால் மனு தங்கையின் பேரில் போயிருந்தது. மனு போட்டவரே இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது விதி.

வாசலில் ஜீப் நின்றது. அவன் பின்பக்கமாக வெளியே போய், தண்ணீர்க் குழாயருகே தகரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

உள்ளே அதிகாரியின் குரல், தங்கையின் குரல். துடிப்பு, முறுக்கு, பாரம் எல்லாம் வரிசையாக வந்தன. யார் செய்தது என்று அவர் கேட்டபோது, வீட்டிலேயே செய்ததுதான் என்றாள். பொய்யில்லை. பிறகு மோட்டார் ஓடத் தொடங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் சீரான ரீங்காரம்தான். போகப் போக ஒலி கனத்து முனகலாக இறங்கியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தில் ஏதோ நூல் சுற்றியிருக்கிறது, வண்டி நகரவில்லை, திரி இறுகி மோட்டாரை இழுத்துப் பிடிக்கிறது. எழுந்து கதவில் கை வைத்தான். உள்ளே போனால் மோட்டார் பிழைக்கும், மானியம் போய்விடும். வைத்த கையை எடுக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

தட்.

தரையில் செங்கல் வைக்கும் சத்தம். ஒன்றே ஒன்று. அடுத்த கணம் சக்கரம் கிறீச்சிட்டு உருண்டது, மோட்டாரின் குரல் மேலேறிப் பழைய ரீங்காரத்துக்கு வந்தது. அவன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குழாயருகே போய் உட்கார்ந்தான். தீய்ந்த வாடைகூட அந்த நேரத்துக்கு நன்றாக இருந்தது.

கை கழுவக் குழாயருகே வந்த அதிகாரி அவனைப் பார்த்து நின்றார். பின்னாலேயே வந்த தங்கையின் முகம் வெளிறியது.

"நீங்க யாரு?"

"இங்க வேலை பாக்குறேன் சார்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையேம்மா. இந்த வயசுல இன்னொருத்தருக்கும் வேலை குடுத்திருக்கே. அதுக்குன்னே தனியா ஒரு கட்டம் வச்சிருக்கோம், பாதிப் பேருக்குக் காலியாத்தான் கிடக்கும்." எழுதிவிட்டு அவனிடம் திரும்பினார். "சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?"

"ஒரு குறையும் இல்ல சார். சாப்பாடுகூடப் போடுறாங்க. என்ன, அப்பப்போ திட்டுவாங்க."

தங்கை சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"சரிம்மா, என் கையெழுத்து விழுந்தாச்சு. இனி உன் மனு எங்கயும் நிக்காது. நல்ல மோட்டாரா பாத்து வை," என்றார் அதிகாரி. தங்கை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவன் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டான்.

படம் மட்டும் பாக்கி. திட்டத்தின் பெயரும் கீழே பெரிய எழுத்தில் தங்கையின் பெயரும் எழுதிய பலகையை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அது தானாக நிற்கவில்லை. "ஏம்பா, பின்னால நின்னு கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்றார் படம் எடுப்பவர். தரை ஒரு பக்கம் பள்ளம். தங்கை கீழே இறக்கி வைத்திருந்த நாலாவது செங்கல்லை எடுத்துப் பலகையின் அடியில் அண்டை கொடுத்துவிட்டு, அவன் பின்னால் போய் நின்று இரு ஓரங்களையும் பிடித்தான்.

"விரல் தெரியுது. உள்ள இழுத்துக்கோ."

அவன் கிரீஸ் படிந்த விரல்களை இழுத்துக்கொண்டு, பலகையை நெற்றியால் முட்டுக்கொடுத்தான். புது மையின் வாசனை மூக்கில் ஏறியது. இன்று சாயங்காலம் மனைவியிடம் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்தபோது, பலகை மறைத்த இருட்டில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"இங்க பாருங்கம்மா," என்றது முன்னாலிருந்து குரல். "கேமராவைப் பாருங்க. அந்தப் பலகையையே பாக்காதீங்க."