முதலாளி வெளியே போயிருக்கிறார்

என் முகத்தின் இடது பக்கம், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், வெந்து ஆறிய தழும்பு ஒன்று உண்டு. இளவயதில் ஒரு பெட்ரோல் டேங்க்கின் ஓட்டையைப் பற்றவைக்கப் போய் வாங்கிக்கொண்டது. டேங்க்கை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்று வெல்டிங் கற்றுக்கொள்ளும் எவனுக்கும் முதலில் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் அவசரக்குடுக்கை. ஆகவே இதில் வீரமும் இல்லை, விதியும் இல்லை. தொழில்காரர்களுக்குள் எனக்கு 'டேங்க்' என்று பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம்.

அந்தத் தழும்பை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கல்யாணம் ஆயிற்று, பிறகு சொந்தப் பட்டறையும் வைத்தேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. யாராவது விவரம் தெரியாமல் தழும்பைப் பற்றிக் கேட்டுவிட்டால் என் மனைவி முந்திக்கொள்வாள். "பாத்துட்டுத்தானே கட்டிக்கிட்டேன், ஏமாத்திட்டார்னு சொல்ல முடியுமா?" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. அதற்கு யாரைக் குறை சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். படிப்பை முடித்துவிட்டு, கிராஃபிக் டிசைனும் வெப் டிசைனும் கற்றுக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் வாழ்நாள் முழுக்க அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். மேசை, நாற்காலி, மாலையில் வீடு. இதற்கு வெளியே ஒரு பிழைப்பு இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"கலர் அடிக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா? பேசாம பேங்க் பரீட்சைக்கு உக்காரு" என்று பிடிவாதம் பிடித்தார். அவள் அழுதாள், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அவர் ஒரு படி இறங்கி வந்தார். சொந்தக்காரர், தெரிந்தவர் என்றில்லாமல், வெளியாள் ஒருவர் தேடி வந்து அவளுக்கு வேலை கொடுக்கட்டும், அதற்குப் பிறகு தான் வாயே திறப்பதில்லை என்றார். அப்படி ஒருவரும் வராவிட்டால் பரீட்சை.

வெளியாள் வர வேண்டுமானால் செய்து காட்டிய வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தாள். "சித்தப்பா, உங்க பட்டறைக்கு ஒரு வெப்சைட் பண்றேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் ஏன் மாட்டேன் என்கிறேன்? எனக்கென்று ஒரு பிள்ளை இல்லை. இவள் என் தோளில் ஏறி வளர்ந்தவள்.

அவளை நான் படாத பாடு படுத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் லோகோவைக் காட்டினாள். "இன்னும் பெருசா போடு" என்றேன். பெரிதாக்கினாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். "சித்தப்பா, இதுக்கு மேல போனா கேட் தெரியாது, லோகோதான் தெரியும்" என்றாள். அடுத்து, பக்கத்தில் பாதி இடம் வெள்ளையாகக் கிடக்கிறதே, அதில் நாலு கிரில் படத்தைப் போடலாமே என்றேன். கண்ணுக்கு மூச்சு விட இடம் வேண்டுமாம். கண் எப்போது மூச்சு விட ஆரம்பித்தது என்று கேட்டேன். போன் நம்பர் சிவப்பில் மினுக்மினுக்கென்று எரிய வேண்டும் என்றதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் அவள் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு மரியாதை வந்தது. எழுத்து ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துச் சரி செய்தாள். நான் கேட்டின் மூலை மட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. இது நம் ரத்தம்தான் என்று உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தேன். பிறகு ஒருநாள் பட்டறைக்கு வந்து கேட்டுகளைப் படம் எடுத்தாள், என்னையும் நிற்க வைத்து எடுத்தாள். "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் வருமாம், அதில் முதலாளியின் முகம் இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமாம்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். முதல் பக்கம் பிரமாதம். கேட்டுகள் எல்லாம் நான் செய்ததை விட அழகாக இருந்தன. அடுத்து "எங்களைப் பற்றி" வந்தது.

"யாருடி இது?" என்றாள் என் மனைவி.

என் சட்டை தெரிந்தது. என் மூக்கும் நரைத்த மீசையும் இருந்தன. கன்னம் மட்டும் என்னுடையது இல்லை. வலது கன்னம் எப்படியோ அப்படியே இடதும், மழுமழுவென்று, ஒரு குறையும் இல்லாமல்.

"கொஞ்சம் ரீடச் பண்ணேன் சித்தி. எல்லாருக்கும் பண்றதுதான்" என்றாள் வாலு. "தூசி, கறை, புள்ளி எல்லாத்தையும் எடுத்துடுவோம். அந்தப் பெரிய கேட்ல துரு இருந்துச்சு இல்ல? அதையும் இதே பிரஷ்லதான் எடுத்தேன்."

அவள் சொன்னதில் ஒரு துளி விஷம் இல்லை. அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அப்படி. துருவும் என் கன்னமும் அவள் திரையில் ஒரே ஜாதி, எடுக்க வேண்டியவை. மனைவி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்காரு" என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில். அந்தக் குரல்தான் என்னைக் குத்தியது. இத்தனை வருஷமாக அவள் சிரித்ததெல்லாம் எனக்காகச் சிரித்ததோ என்று முதல் முறையாக ஒரு சந்தேகம் வந்தது.

'பழையபடி போடும்மா' என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பரவாயில்லையே, நீயா பண்ணே?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அவள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. அவள் முகம் பூவாக விரிந்ததைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் குறை சொல்வேன்? "அருமையா இருக்கும்மா" என்று சொல்லி, சொல்ல வந்ததை மென்று முழுங்கினேன்.

அதன் பிறகு ஆரம்பித்தது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்தப் பக்கமே கண் போனது. தாடி வைத்து மறைக்கலாம் என்று பார்த்தேன். தழும்பில் முடி முளைக்குமா? ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல். மனைவி ரேசரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னல் இருக்கிற சீட்டாகத் தேடினேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், வயசுப் பையன் மாதிரி முகத்தை நினைத்துப் புழுங்குகிறானே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. வெட்கப்படுகிறேனே என்று வேறு வெட்கம்.

இதற்கு நடுவில் வெப்சைட்டைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புது ஆட்கள், தெரு தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள். முதலில் ஒரு தம்பதி வந்தார்கள். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முகமூடியைத் தூக்கினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"ஓனர் இல்லையா?" என்றார் அந்த ஆள்.

வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "முதலாளி வெளியே போயிருக்கார் சார். என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றேன்.

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர்கள் நிம்மதியாக அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை நாக்கு தடுக்கவே இல்லை. நானே கட்டிய பட்டறையில் நானே எனக்குக் கூலியாள் ஆனேன். கேட்டுகளுக்கு வண்ணம் பூசுகிற பெயிண்டர் என்னோடு ரொம்ப நாளாக இருப்பவன், என் வயதுக்காரன். அவன் காதில் இதெல்லாம் விழாமல் இருக்குமா? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் டீ குடிக்கும்போது ஆரம்பித்தான்.

"அண்ணே, முதலாளி எப்ப வருவாரு? லீவு கேக்கணும்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றேன். அவன் சிரித்தான். என் முகத்தில் ஈயாடவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. அவன் கிண்டல் செய்துகொண்டே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

இந்தச் சமயத்தில்தான் வாலு குதித்துக்கொண்டு வந்தாள். பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிற ஒரு டாக்டரம்மா எங்கள் வெப்சைட்டைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். சொந்தமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை, அண்ணன் கேட்ட அசல் வெளியாள். "என் சித்தப்பா பட்டறைதான்னு சொன்னேன். பட்டறைக்கே வந்து உங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்றேன்னு சொன்னாங்க. நானும் வந்துடறேன். நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க சித்தப்பா, பிளீஸ்" என்றாள். தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். நான்தான் முதலாளி என்று சொல்லப் போகிறேன், என்ன ஆகிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் போன். என்னைப் பார்த்தார், பார்வை என் கன்னத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு கண்ணியமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"வெப்சைட் விஷயமா பேச வந்தேன். முதலாளி இருக்காரா?"

"வெளியே போயிருக்காரும்மா" என்றேன்.

போட்டிருந்த சலவைச் சட்டைக்குக்கூட மரியாதை இல்லாமல் அந்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது. அதே நேரம் பின்னாலிருந்து, "மேடம்!" என்று குரல். வாசலில் லேப்டாப் பையோடு வாலு நின்றிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது.

"உங்க சித்தப்பா வெளியே போயிருக்காராமே" என்றார் டாக்டரம்மா அவளிடம்.

வாலு என்னைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதில் அந்த மழுமழு ஆள் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். பெயிண்டர் ஒரு பக்கம் டப்பாவைக் கலக்குகிற சாக்கில் குனிந்துகொண்டான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. அவள் "சரி, அப்புறமா வருவாரு" என்று சமாளித்திருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவளுடைய பிழைப்பே அந்த ஒரு பதிலில் இருந்தது.

"இவர்தான் மேடம் என் சித்தப்பா. இவர்தான் முதலாளி" என்றாள். "அந்தப் படத்துல தழும்பை நான்தான் எடுத்துட்டேன். அவரைக் கேக்காம பண்ணிட்டேன்."

டாக்டரம்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போச்சு, இவள் பரீட்சைக்குத்தான் உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமாவா? இருந்த சுவடே தெரியலையே!" என்றார். "நீங்களே எனக்குப் பண்ணிடுங்க. என் படத்துலயும் கண்ணுக்குக் கீழ இருக்கிற கருப்பை எடுத்துடுவீங்கல்ல?"

வேலை கிடைத்துவிட்டது. அண்ணன் வாயை அடைக்க ஆள் கிடைத்துவிட்டது. வாலு, "ஆகட்டும் மேடம்" என்றாள், யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தது போல. டாக்டரம்மா போகும்போது என்னிடம், "நீங்க விளையாட்டுக்காரர்" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

அவர் போனதும் வாலு பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். "எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொன்னீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். பெயிண்டர் எழுந்து வெளியே போய்விட்டான். அதுவே அவளுக்குப் பதில் ஆயிற்று. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அதனால என்னம்மா? வேலை வந்துடுச்சு இல்ல, வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொல்லு" என்றேன்.

"அந்தப் படத்தை இப்பவே தூக்கிடறேன். புதுசா எடுக்கறேன். நில்லுங்க, கேட்டுகிட்ட நில்லுங்க."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, செய்து முடித்து வைத்திருந்த கேட்டின்மேல் ஒரு கையை ஊன்றி நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள்.

"நேரா பாருங்க சித்தப்பா."

"நேராத்தானே பாக்கறேன்."

அவள் எடுத்தாள். கொஞ்சம் நகர்ந்து எடுத்தாள். இடது பக்கமாக வந்து எடுத்தாள், மறுபடி எதிரில் வந்தாள். "நேரா சித்தப்பா" என்று இன்னொரு முறை சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, எத்தனை தடவை சொல்வது என்று எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. நான் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் கேமராவை இறக்கினாள். என் பக்கத்தில் வந்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் என் நல்ல கன்னம் மட்டும்தான் இருந்தது.