சீருக்குப் போட வேண்டிய பாட்டு

அண்ணன் கல்யாணத்தில் பாட்டுப் போடும் வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், வேறு எந்த வேலையையும் எனக்குக் கொடுக்க முடியாததுதான். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கச் சொன்னால் நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். மேடைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் யாராவது போட்டோ எடுப்பார்களோ என்று நழுவிவிடுவேன். இயற்பியல் படித்தவள், லேப்டாப் வைத்திருக்கிறவள், இவளை ஓரமாக ஒரு மேசையில் உட்கார வைத்துவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் நன்னிலம் நௌஷாத் அண்ணனுடையது. அவருடைய அப்பா மீரா உசேன் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாற்பது வருஷம் மைக்செட் போட்டவர். இப்போது காது மந்தமாகி வீட்டோடு இருக்கிறார். நௌஷாத் அண்ணன் பாட்டு எதுவும் வைத்திருப்பதில்லை. ஒயரின் முனையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கல்யாண வீட்டுக்காரர்களே போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நான் விசாரிக்கத் தொடங்கினேன். அப்பாவைக் கேட்டேன். பழைய பாட்டாகப் போடு என்றார். எவ்வளவு பழையது என்று கேட்டதற்கு, பழையது என்றால் பழையது என்றார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று காலையில் தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு மண்டபத்துக்கு வருவார். அதில் ஒரு தட்டில் மாப்பிள்ளைக்கான பட்டு வேட்டி இருக்கும். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளை மேடைக்குப் போக வேண்டும். மேளக்காரர்கள் மேடையை விட்டு எழுந்து வர மாட்டார்கள், அதனால் சீர் வரும்போது மைக்செட்டில்தான் பாட்டு. அதற்கென்று ஒரு பாட்டு உண்டு, அது போடாமல் நடராசன் மாமா படியேற மாட்டார் என்றாள் அம்மா. மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன்.

"எந்தப் பாட்டும்மா?"

"அதான், எப்பவும் போடுவாங்கல்ல."

"முதல் வரி சொல்லு."

"வாயில வர மாட்டேங்குது. கேட்டா சொல்லிருவேன்."

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது பாட்டு போட்டுக் காட்டினேன். இதில்லை, இதில்லை என்றே வந்தாள். முப்பதாவது பாட்டில் கை நின்றது. இது மாதிரிதான் இருக்கும், ஆனால் இது இல்லை என்றாள். நாற்பதாவது முடிந்ததும் அலுத்துப்போய், நீயே நல்லதா ஒன்று பார்த்துப் போடு என்று எழுந்து போனாள்.

மாமாவிடம் போனில் கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். சீருக்குப் போடுகிற பாட்டு எது என்று தெரியாமலா கல்யாணம் வைத்தீர்கள் என்றார். உங்கம்மாளைக் கேள் என்றார். வைத்துவிட்டார்.

அதனால் நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அம்மா கல்யாணம் நடந்த வருஷத்திலிருந்து பின்னால் போனேன். அட்டவணை ஒன்று போட்டேன். பாட்டு, படம், வருஷம், பாடியவர், எத்தனை நிமிஷம். பழைய கல்யாணப் பாட்டுகள் என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் கேட்டுக் கழித்து அறுபத்திரண்டு பாட்டு மிஞ்சியது. அதிலிருந்து சீருக்கு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். வேகமான பாட்டு. தொடக்கத்திலேயே கிளாரினெட் வரும். ஆற்றங்கரையில் நிற்கிற ஒருத்தி, அவன் இன்றைக்கு வந்துவிடுவான் என்று சந்தோஷமாகப் பாடுகிறாள். யாராவது ஊர்வலமாக வரும்போது போடுவதற்கென்றே செய்தது போல இருந்தது. எனக்கு அது பிடித்தும் போயிற்று. அந்த வாரம் முழுக்கக் குளிக்கும்போது அதைத்தான் முணுமுணுத்தேன்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டு ஐம்பதுக்கு மாமாவின் வேன் தெருமுனையில் வந்து நின்றது. அத்தை கண்ணாத்தாள் முதலில் இறங்கினாள். பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டுகளை வாங்கி வரிசையாக நின்றார்கள். மாமா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். என் மேசை சன்னலை ஒட்டி இருந்ததால் எல்லாம் தெரிந்தது. சரவெடியைத் தெருவில் நீளமாக விரித்துப் போட்டு, ஊதுவத்தியோடு ஒருவர் குனிந்தார்.

நான் பாட்டை ஓடவிட்டேன்.

கிளாரினெட் தொடங்கியதும் வத்தி பிடித்தவர் நிமிர்ந்தார். வெடியைப் பற்ற வைக்கவில்லை. மாமா நின்றார். அவருக்குப் பின்னால் தட்டுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் வயதுக்காரர்கள் மட்டும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சின்னப் பெண்கள் பாட்டுக்கு ஆடினார்கள்.

நௌஷாத் அண்ணன் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார்.

"என்ன தங்கச்சி, சாவுப் பாட்டைப் போட்டுட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. பாட்டில் சாவு என்ற சொல்லே கிடையாது, அழுகை கிடையாது என்றேன். அதெல்லாம் இல்லாவிட்டால் என்ன, எங்கப்பா இந்த மூன்று ஊரிலும் பாடை தூக்கும்போது இதைத்தான் போடுவார் என்றார். பட்டியலை முந்தின நாள் அவரிடம் காட்டினேனே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இத்தனை பாட்டில் இது எதற்கு என்று நான் பார்த்தேனா என்றார்.

அம்மா வந்துவிட்டாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, முகம் வெளிறியிருந்தது.

"மூணு ஊருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?"

"யாரும்மா சொன்னீங்க எனக்கு?"

"இதெல்லாமா உக்காந்து சொல்லுவாங்க?"

எனக்கு இருபத்திமூன்று வயது. எங்கள் ஊரில் மைக்செட்டில் பாட்டுப் போட்டுப் பாடை எடுத்ததை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. இப்போது தப்பு மேளம் அடிப்பது மட்டும்தான். எப்போதோ நின்றுபோன ஒன்று, யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று, ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே மாமா திரும்பிப்போய் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது சகுனம் சரியில்லை என்றால் திரும்பிப்போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்புவது வழக்கம்தான். அதில் ஒன்றுமில்லை. ஆனால் அத்தை ஒரு செய்தியோடு உள்ளே வந்தாள். முறையான பாட்டைப் போட்டால்தான் மாமா எழுந்து வருவாராம். போட முடியாவிட்டால் வேட்டித் தட்டை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவாராம்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் வாசல் வரை வந்து திரும்பிப்போன கல்யாணம் என்றால் அது அவள் ஆயுசுக்கும் கூடவே வரும். மாடியில் பரணி அண்ணன் லுங்கியோடு வேட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன். என்ன பிரச்சினை என்று எனக்கு மெசேஜ் அனுப்பினான். பாட்டு என்று பதில் போட்டேன். எந்தப் பாட்டு என்று கேட்டான். நான் பதில் போடவில்லை.

நௌஷாத் அண்ணன் அவருடைய அப்பாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மீரா உசேனுக்கு விஷயம் விளங்கியது. சிரித்தார். அந்தப் பாட்டு எப்படிச் சாவுப் பாட்டானது என்று சொல்லத் தொடங்கினார். பெரும்புயல் வருஷத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போகும்போது ரெக்கார்டு எல்லாம் நனைந்துவிட்டதாம். காய்ந்து கிடந்தது அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் பாடை தூக்கும்போது அதைத் திரும்பத் திரும்பப் போட்டாராம். அடுத்த சாவு வீட்டில் அதையே கேட்டார்களாம். அவருக்குத் தப்பாகத் தெரிந்தாலும், கேட்கிறார்களே என்று போட்டுக்கொண்டே இருந்துவிட்டாராம்.

மணி ஒன்பது இருபது.

சீருக்குப் போடுவது எது என்று நான் கேட்டேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை. நௌஷாத் அண்ணன் அதையே கத்தினார்.

"சீருக்கு நாலஞ்சு வச்சிருந்தேன். நடராசனுக்குப் போட்டது எதுன்னு அவரையே ரெண்டு வரி பாடச் சொல்லுங்க. நான் சொல்லிர்றேன்."

யார் போய்க் கேட்பது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மாவுக்கு அண்ணனிடம் பயம். அப்பா போனால் சண்டை வரும். தப்புச் செய்தவள் நான். யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன்.

அத்தையும் மற்றப் பெண்களும் வேப்பமரத்து நிழலில் தட்டுகளோடு நின்றார்கள். வேனுக்குள் மாமா மட்டும் தனியாக நடுச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் திறக்காமல் இருந்தது. நான் கதவருகில் நின்று, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன்.

"எந்தப் பாட்டுன்னு ரெண்டு வரி சொல்லுங்க மாமா. உடனே எடுத்துர்றேன்."

"உங்கம்மா கல்யாணத்துக்கு நான் சீர் கொண்டுவந்தப்ப போட்ட பாட்டு."

"நான் அப்பப் பொறக்கலை மாமா."

"உன் சடங்குக்கும் அதான் போட்டான் மீரா உசேன். நீ அங்கதான இருந்த?"

இருந்தேன். உள்ளறையில், தலையைக் குனிந்துகொண்டு, எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டு. பாட்டு எதுவும் காதில் விழவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. வரி ஞாபகம் இல்லாவிட்டால் ராகமாவது முணுமுணுங்கள் என்றேன். நான் விடுவதாக இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரத்தடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, மூக்கால் மூன்று சுரம் மாதிரி ஏதோ போட்டார். நின்றுவிட்டார்.

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன, வெடியைக் கொளுத்திருவானுங்கல்ல."

நான் அவரையே பார்த்தேன். அவர் வெளியே பார்த்தார்.

அவர் சீர் கொண்டுபோன கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவாக இருந்தாலும் சரி. பாட்டுத் தொடங்கும். மூன்று விநாடியில் சரவெடி வெடிக்கும். வெடி ஓயும்போது அவர் உள்ளே போயிருப்பார், வெற்றிலை பாக்குக் கொடுத்து யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை. முதல் வரிகூடத் தெரியாது. இரண்டு வாரமாக நான் தேடியது இதைத்தான்.

"உங்களுக்கே தெரியாதா மாமா?"

அவர் கழுத்து சிவந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மீரா உசேன் இருந்தான், நாங்கள் எதற்குத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நான் எந்த இடத்திலும் கத்தியதில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மீரா உசேனின் நாலைந்தில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டு இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஒன்பது நாற்பது ஆகியிருந்தது.

"மிஷின் ரிப்பேர்னு சொல்லிர்றேன். எந்தப் பாட்டுமே ஓடாதுன்னு சொல்லிர்றேன். வெடி மட்டும் போடட்டும். வாங்க மாமா."

"நம்புவாங்களா?"

"நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்றேன்."

அவர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முன்னால் ஓடிப்போய் நௌஷாத் அண்ணனிடம் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். அவசரத்தில் லேப்டாப்பில் எதையோ அழுத்தி நான் பெட்டியையே கெடுத்துவிட்டதாக அவர் அறிவித்தார். யாரோ ச்சே என்றார்கள். வெடி வெடித்தது. சீர் உள்ளே வந்தது. அண்ணன் வேட்டி கட்டினான். பத்து பத்துக்குத் தாலி கட்டினான்.

பந்தியில் ஆள் குறைந்ததால் என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். மாமா முதல் வரிசையில் சம்பந்தி வீட்டாருடன் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்துவிட்டது. கூட்டுக்கு உப்புச் சரியாக இருப்பதாகச் சொன்னார். பிறகு காலையில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்தப் பாட்டு மட்டும் ஓடியிருந்தா நீங்க பாத்திருக்கணும்ங்க. நம்ம பக்கத்துல அது இல்லாம சீரே கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு லேப்டாப்பு தெரியுது, பாட்டுத் தெரிய மாட்டேங்குது."

பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். எதிரில் பெண்ணின் தங்கை பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள். இடது கையால் போனை எடுத்தாள்.

"எந்தப் பாட்டு மாமா? சொல்லுங்க, இப்பவே போடுவோம்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். பூர்ணிமாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொம்போடு அவர் இலைக்கு முன்னால்தான் நின்றேன். பூர்ணிமாவும் என்னைப் பார்த்தாள். தெரிந்த ஒருத்தி பதில் சொல்லுவாள் என்பது போல முகத்தை வைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"அதைத்தான் நான் சொல்றேன்" என்று மாமா பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார்.