மேல்மரம், கீழ்மரம்

குரோசே ஆற்றுப் பாலத்தின் இரண்டு பாதிகளும் எந்தத் தாங்கலும் இல்லாமல் ஏழு வருஷம் அந்தரத்தில் நின்றன. வடகரையில் ஓனோகுரா ஊரிலிருந்து ஒரு பாதி நீண்டிருந்தது, தென்கரையில் ஹிஷிதானி ஊரிலிருந்து இன்னொரு பாதி. நடுவில் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. அதற்குக் கீழே, கல்லைப் போட்டால் சத்தம் வருவதற்குள் மூச்சு விட்டு வாங்கிவிடலாம் என்ற ஆழத்தில் ஆறு ஓடியது. அந்த ஏழு வருஷத்தில் உப்பு விலை ஏறி இறங்கியது, பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்து போனது, கோயில் மணி ஒரு தடவை கீறல் விட்டு மறுபடி வார்க்கப்பட்டது. பாலம் மட்டும் வைத்தது வைத்தபடி நின்றது.

சாமுராய்கள் இடுப்பில் வாளோடு திரிந்த காலத்தில் இரண்டு கரையும் இரண்டு பிரபுக்களுக்குச் சொந்தம். பாலம் கட்டக்கூடாது என்பது சட்டம். அக்கரைக்குப் போக வேண்டுமானால் கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கையால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிரபுக்கள் போய், புது அரசாங்கம் வந்து, கட்டுவதானால் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் இரண்டு ஊரும் கூடிப் பேசின. அவரவர் கரையிலிருந்து அவரவர் தச்சர் கட்டிவர வேண்டும், நடுவில் சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஓனோகுராவில் தலைமைத் தச்சர் கெங்கோரோ. ஹிஷிதானியில் யோஹாச்சி. இருவரும் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள், குளிர்காலத்தில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் யோஹாச்சி தன் தங்கை தோவாவைக் கெங்கோரோவுக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று தோவா ஒரு கையால் தலையலங்காரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கயிற்றை இழுத்து, கூடையில் ஆற்றைத் தாண்டி வந்தாள்.

சண்டை வந்தது நடுமூட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்த அன்று. சாதாரணமாக இரண்டு உத்தரத்தைச் சேர்க்கும்போது ஒன்று வாயைத் திறந்துகொண்டு கீழே கிடக்கும், மற்றது மேலிருந்து அதற்குள் இறங்கும். மேலிருந்து இறங்குவது மேல்மரம், வாங்கிக்கொள்வது கீழ்மரம்.

“ஹிஷிதானி மரம் கீழ படுத்துக்கட்டும். எங்க மரம் வந்து மேல உக்காந்துக்கும்” என்றார் கெங்கோரோ, சோறு பரிமாறச் சொல்வதுபோல.

“ஏன் மச்சான், உங்க ஊரு மரத்துக்கு இடுப்புப் பிடிச்சிருக்கா? படுக்க வராதோ?”

“அட, ஒண்ணு மேல ஒண்ணு கீழதானடா?”

“கீழ்மரத்துலதான் தண்ணி தங்கும், அதுதான் மொதல்ல அழுகும். எங்க ஊரு அழுகணும், உங்க ஊரு அதும்மேல ஏறி உக்காந்து வேடிக்கை பாக்கணும். நல்லா இருக்கு உன் நியாயம்!”

சமாதானம் பேச வந்த பெரியவர்களும் சாக்கே என்ற அரிசிச் சாராயம் குடித்திருந்ததால், ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். முடிவில் குடுவைகள் உருண்டன, இரண்டு ஊரும் பேச்சை நிறுத்தின. ஆனால் வேலையை யாரும் நிறுத்தவில்லை. தன் பாதிதான் முதலில் முடிய வேண்டும் என்று இருவரும் ஹினோக்கி மரத்தை இழைத்துத் தள்ளினார்கள். கெங்கோரோவின் உளிகளையும் இழைப்புளிகளையும் தீட்டுவது தோவாவின் வேலை. அவள் தீட்டிய இழைப்புளியில் அவர் இழைத்தால் சீவல் மெல்லிய புகைபோல எழுந்து, கூரைக்கு மேல் போய், மழை வந்து நனைத்தால்தான் கீழே இறங்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் மேலே சீவல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துணி உலர்த்துவார்கள்.

கெங்கோரோவின் பாதி முதலில் முடிந்தது. அவர் அதன் நுனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “தாங்குகட்டையெல்லாம் தட்டி விடுங்கடா. வேலை சரியில்லன்னா நானும் சேந்து போறேன்” என்றார். வேலையாட்கள் அழுதுகொண்டே தட்டினார்கள். கட்டைகள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்தன. பாலம் விழவில்லை. மூட்டுகள் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் பாரம் உள்ளே நுழைய இடுக்குத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்று தச்சர்கள் சொன்னார்கள். சில நாள் கழித்து யோஹாச்சியும் தன் பாதியின் நுனியில் மல்லாந்து படுத்து, குறட்டை விடுவதுபோல நடித்துக்கொண்டு, தாங்குகட்டைகளைத் தட்டச் சொன்னார். அதுவும் விழவில்லை.

இடையில் நாலு பலகை போட்டால் போயிற்று என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் பலகையைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு பாதிகளும் வேண்டிய அளவு பின்வாங்கின. பலகை ஆற்றில் விழுந்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றன. சாக்கே வியாபாரியின் ஆள் ஒருவன் குடத்தோடு ஓடிவந்து தாண்டிப் பார்த்தான். அவனை வெகுதூரம் தள்ளி உயிரோடு எடுத்தார்கள். குடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை. ஓனோகுராக்காரர்கள் தங்கள் பாதியில் முள்ளங்கி காயப்போட்டார்கள். ஹிஷிதானிக்காரர்கள் தங்கள் பாதியில் பெர்சிமன் பழங்களைக் காயக் கட்டித் தொங்கவிட்டார்கள். பாலம்தான் வந்துவிட்டதே என்று கூடைக்கயிற்றை யாரும் மாற்றவில்லை. அது இற்று விழுந்தது.

இதனால் தோவாவுக்குத் தாய்வீடு இல்லாமல் போயிற்று. முடியாத பாலத்தில் பெண்கள் கால் வைக்கக்கூடாது என்பது வழக்கம். அதனால் அவள் கரையில் நின்று பார்ப்பாள். எதிர்க்கரையில் அவள் அம்மா வந்து நிற்பாள். ஆற்றின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. அதனால் அம்மா சாமான்களைத் தூக்கிக் காட்டுவாள். புதுக் கெண்டி, நன்றாக விளைந்த பூசணி. ஒரு வருஷம் துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அண்ணனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தோவா புரிந்துகொண்டாள். அதன் பிறகு வருஷா வருஷம் அவன் உயரத்தைத்தான் அவள் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாவது குளிர்காலத்தில் ஹிஷிதானிக்குப் பின்னால் இருந்த மலை தன் பனியையெல்லாம் உதறியது. கீழ்நாட்டுக்குப் போகும் ஒரே பாதை மூடிப்போயிற்று. அந்த வருஷம் அங்கே கோதுமையும் சரியாக விளையவில்லை, தினையும் விளையவில்லை. விதைத் தினையைத் தின்றார்கள், பிறகு மரப்பட்டையை இடித்து வேகவைத்தார்கள். ஓனோகுராவின் களஞ்சியங்களில் அரிசி இருந்தது. ஊர்க்காரர்கள் சோற்று உருண்டை பிடித்துப் பாலத்தின் நுனியிலிருந்து வீசினார்கள். பள்ளத்தாக்கின் காற்று அவற்றைக் குருவிகள்போலத் தூக்கிக்கொண்டு போயிற்று.

ஊரே திரண்டு கெங்கோரோவின் வாசலில் நின்றது. “அவன் கீழ படுக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே முடிச்சுத் தரேன்” என்றார் அவர். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அன்றிலிருந்து அவர் சோறு சாப்பிடவில்லை. ஆனால் தன் மரம் கீழே படுக்கும் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. எதிர்க்கரையில் யோஹாச்சி கன்னம் ஒட்டிப்போய், செத்தாலும் மேல்மரம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் தோவா கரைக்குப் போனாள். அம்மா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

தோவா வீட்டுக்கு வந்து, கணவரின் நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். உளிகளையும், அவற்றை அடிக்கும் மரக் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பாலத்தின்மேல் நடந்தாள். கரையில் நின்ற கிழவர்கள் கத்தினார்கள்.

“ஏ பொண்ணு! முடியாத பாலத்துல பொம்பளை கால் வைக்கிறதா? தெய்வக்குத்தம்!”

“பாலமா? எங்க இருக்கு பாலம்?” என்றாள் தோவா திரும்பிப் பார்க்காமல். “ரெண்டு ஆம்பிளைங்க வீம்புதான் இங்க அந்தரத்துல நிக்குது. அதும்மேல நடக்கக் கூடாதுன்னு எந்த தெய்வம் சொல்லிச்சு?”

நுனியில் உட்கார்ந்து உத்தரத்தை வெட்டத் தொடங்கினாள். அவள் தீட்டத் தெரிந்தவள், வெட்டத் தெரிந்தவள் அல்ல. அந்தச் சத்தம் வீட்டில் இருந்த கெங்கோரோவின் காதில் விழுந்தது. உளி எந்த மரத்தில், எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். அவர் வெறுங்காலோடு பனியில் ஓடி வந்தார்.

“அடிப் பாவி, நாரு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்காம வெட்டுறியே! பொளந்துக்கப் போவுது! நிறுத்துடி!”

“அப்ப நீங்க வெட்டுங்க.”

“என்னத்த வெட்டுறது?”

“மேலயும் வேணாம், கீழயும் வேணாம். ரெண்டு முனையும் ஒரே மாதிரி வெட்டி, பக்கவாட்டுல கோத்து, நடுவுல ஆப்பு அடிக்கிற மூட்டு. உங்களுக்குத் தெரியாததா? எங்கண்ணனுக்குத்தான் தெரியாததா? தெரிஞ்சுக்கிட்டே ஏழு வருஷம் ரெண்டு பேரும் ஊமையா இருந்தீங்க.”

அந்த மூட்டில் இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு தச்சர்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். தடை அது ஒன்றுதான். தோவா மறுபடி உளியை வைத்து, நாருக்கு நேர் எதிராக ஓங்கினாள். வேண்டுமென்றே அப்படிச் செய்தாளா என்பதில் எங்கள் ஊரில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. கெங்கோரோவால் தாங்க முடியவில்லை. உளியைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிட்டு வெட்டத் தொடங்கினார். சத்தம் மாறியதைக் கேட்டு எதிர்ப் பாதியின் நுனிக்கு யோஹாச்சி வந்து நின்றார். அவருக்கு நிற்கப் பலமில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“மச்சான், காடியை உன் வாய் மாதிரி அகலமா எடுக்கிற” என்றார் கடைசியில். “மூணு விரல் போதும்.”

அது ஏழு வருஷத்தில் முதல் பேச்சு. பாலத்தின் இரண்டு பாதிகளும் முனகி, ஒரு சாண் நெருங்கி வந்தன.

“மூணா? உன் மூளை அளவுக்கா? நாலு வெச்சாத்தான் உத்தரம் தாங்கும்!”

“சரி, நாலு. சரிவு எவ்வளவு?”

“உங்கப்பன் மூக்குச் சரிவு இருக்குல்ல, அதுல பாதி.”

“எங்கப்பன் உனக்கு மாமனாருடா, மரியாதையாப் பேசு!” என்று கத்திவிட்டு யோஹாச்சி ஆட்களைக் கூப்பிட்டு உளி கொண்டுவரச் சொன்னார். அவர் உளிகள் மழுங்கிக் கிடந்தன. தோவா இக்கரையில் தீட்டி வைத்திருந்ததை எடுத்து வீசினாள். இந்தத் தடவை காற்று அதைத் தொடவில்லை. அண்ணன் கைக்குள் போய் உட்கார்ந்தது. அன்று முழுவதும் இருவரும் எதிரும் புதிருமாக மண்டியிட்டு வெட்டினார்கள், திட்டினார்கள். ஒவ்வொரு வசைக்குள்ளும் ஒரு அளவு இருந்தது. ஒவ்வொரு அளவுக்கும் பாதிகள் கொஞ்சம் நெருங்கின. வெயில் சாயும் முன்பே ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும் தூரத்துக்கு வந்துவிட்டன.

இனிப் பக்கவாட்டில் நகர்த்திக் கோக்க வேண்டும். ஓனோகுராவில் நடக்க முடிந்த எல்லோரும் கயிற்றைப் பிடித்து, திருவிழாவில் தேர் இழுப்பதுபோலப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். எதிலும் ஊன்றாத பாதி, குளத்துப் படகுபோல அசைந்து கொடுத்தது. இரண்டு முனையும் ஒன்றுக்குள் ஒன்று போயின. ஆற்றோட்டம் வரும் பக்கத்திலிருந்து ஒரு ஆப்பு, போகும் பக்கத்திலிருந்து ஒரு ஆப்பு, இரண்டும் கருவாலி மரம். இருவரும் கொட்டாப்புளியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள்.

“நீ மொதல்ல அடி.”

“ஏன், அப்பறம் நீ அடிச்சதுதான் கடைசி அடின்னு ஊரெல்லாம் சொல்லிக்கவா?”

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்!” என்றாள் தோவா. “நான் குரல் கொடுக்கிறேன். ஒண்ணா அடிக்கணும். யோய்… ஷோ!”

ஒன்றாக அடித்தார்கள். அந்தச் சத்தம் பெரியதாக இல்லை, ஆனால் எங்கும் கேட்டது. இரண்டு ஊரிலும் எல்லாக் கூரைகளிலிருந்தும் பனி ஒரே வீச்சில் சரிந்து விழுந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள், கதவு சாத்தப்பட்டதுபோல் இருந்தது என்று எழுந்து உட்கார்ந்தார்கள். ஹிஷிதானியின் மூடிய பாதைகூட ஒரு பக்கம் கொஞ்சம் இளகியதாம். அதற்குள் அதன் தேவை போய்விட்டிருந்தது. அரிசி மூட்டைகள் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தன, பின்னால் மீசோ என்ற சோயா விழுது ஜாடிகள், விறகு, ஒரு ஆட்டம் காட்டும் குதிரை. யாரும் வரிசையாகப் போகவில்லை. பாதிப்பேர் சிரித்துக்கொண்டும் பாதிப்பேர் அழுதுகொண்டும் ஓடினார்கள்.

முதலில் தாண்டியவள் தோவா, முதுகில் அரிசி மூட்டையோடு. தாய்வீட்டில் அம்மா அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்தாள். தோவா கஞ்சி வைத்து ஊட்டினாள். நாலு கரண்டி இறங்கியதும் அம்மா கண்ணைத் திறந்து, “ஏண்டி, ஆத்தைத் தாண்டி வர இவ்வளவு நேரமா?” என்றாள். மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் அதைக் கேட்டுச் சிரித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை. அக்கரையிலிருந்து இது தெரிந்திருக்கவில்லையே என்று நினைத்ததும் தோவாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மீதிக் கஞ்சியை அவனுக்கும் ஊட்டினாள்.

வசந்தத்தில் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு தச்சர்களும், வழக்கப்படி, இடித்த அரிசி உருண்டைகளைக் கூட்டத்தை நோக்கி வீசினார்கள். தோள்மேல் கைபோட்டுக்கொண்டு குடித்தார்கள். யாருடைய ஆப்பு அதிகம் உள்ளே போயிற்று என்று வாக்குவாதம் செய்தார்கள். பார்த்துச் சொல்ல ஊரார் குனிந்தபோது மூட்டு எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே ஓடிய எறும்பும் எங்கும் தடுக்கி நிற்கவில்லை. இரு கரைக்காரர்களும் அக்கரையில் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள்.

கெங்கோரோவும் யோஹாச்சியும் காலமாகி, தோவாவுக்குத் தலை முழுக்க வெளுத்த பிறகு, ஒரு பெருமழையில் வடகரை இடிந்து ஆற்றோடு போய்விட்டது. அடுத்த வருஷ மழையில் தென்கரையும் போயிற்று. பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு ஊராரும் கூடி, இரு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கல் படிகள் கட்டினார்கள். குதிரைகள் இரண்டொரு நாள் தயங்கின, பிறகு பழகிக்கொண்டன. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கரைகளைத்தான் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. பாலத்துக்கு இதுவரை ஒன்றும் செய்ததில்லை.