மூன்றாம் ஆண்டுப் பாடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துப் பிறகு எடுத்துக் காட்டும் தெம்பு இல்லை. என் மனைவியின் தங்கை பார்மசி படிக்க ஆசைப்பட்டாள். அவள் அப்பா வேண்டாம் என்றார். அந்தப் படிப்பைப் படித்தவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதனால் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவள் ஒரு காரணம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பேச வரவில்லை. எழுத வந்தது.

மனைவி இறந்து ஓராண்டு ஆகப் போகிறது. இதையும் இங்கேயே சொல்லி முடித்துவிட்டால், ஒவ்வொரு பத்தியிலும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு முன்பும் கதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் யாரும் சாகவில்லை.

"நான்" என்று வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் நகரவில்லை. ஆகவே இனி "அவன்". அவன் நான் அல்ல. அவனுக்கு மீசை வைத்திருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஒருவர் வாழ்வின் மிக முக்கியமான —

[இது கல்லூரி விளம்பரக் கையேடு. வேண்டாம்.]

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவன் குடையை —

[பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். எழவு வீட்டுக் கதை என்றால் மழையும் வந்து நிற்க வேண்டுமா?]

மாமனார் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அவன் கதவைத் தட்டினான்.

இது பரவாயில்லை. தட்டிவிட்டான். இனி யாராவது திறந்துதானே ஆக வேண்டும்.

3

மாமனார் திறந்தார். லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஏன் என்று கேட்டால், "லிப்ட் இருந்தா வீட்டுலயும் வேலை பார்க்கச் சொல்லுவானுங்க" என்பார். மாமியார் எப்போதோ போய்விட்டார். இரண்டு பெண்களையும் இவர்தான் வளர்த்தார். இப்போது ஒரு பெண்.

"வாங்க மாப்பிள்ளை. ரொம்ப நேரமா தட்டுறீங்களா?"

"இல்ல மாமா. காலிங் பெல் என்னாச்சு?"

"அது செத்துப்போச்சு."

சொன்ன பிறகு இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். அந்த வினைச்சொல்லை இந்த வீட்டில் யாரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை. பல்பு "போய்விட்டது" என்பார்கள். கடிகாரம் "நின்றுவிட்டது" என்பார்கள்.

உள்ளே கூடத்தில், ஜன்னலை ஒட்டிய இடம் இன்னும் காலியாகக் கிடந்தது. கடைசி மாதங்களில் கட்டில் அங்கேதான் இருந்தது. அவனுக்குப் பகல் முழுக்கத் தொழிற்சாலை. தங்கை பிளஸ் டூ பரீட்சை முடித்து, அந்த ஆண்டு கல்லூரியில் சேராமல் வீட்டில் இருந்தாள். ஆகவே மனைவியை அப்பா வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மாலை மாத்திரையெல்லாம் ஆன பிறகுதான் அவன் வந்து சேர்வான். இரவில் பக்கத்தில் இருப்பது அவன் முறை.

"வந்துட்டாரு என் சாட்சி!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அதன் பின்னால் ஆளும் வந்தாள். அக்கா இவளைச் சில்வண்டு என்று கூப்பிடுவாள், வாய் ஓயாததால். அக்கா போன பிறகு சில மாதங்கள் அந்தப் பெயர் பொருந்தாமல் இருந்தது. இப்போது மறுபடி பொருந்துகிறது. அதில் அவனுக்கு நிம்மதி.

"சாட்சியும் வேணாம், வக்கீலும் வேணாம்" என்றார் மாமனார். "மாப்பிள்ளை, நீங்களே கேளுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல தட்டிவிடணுமாம். எதை முதல்ல போடுறாளோ அதுதான் கிடைக்குமாம். இவ மார்க்குக்கு நல்ல நல்ல படிப்பா வரிசை கட்டி நிக்குது. இவ என்னடான்னா மருந்துக் கடையில நிக்கப் போறேங்குறா."

"மருந்துக் கடை இல்லப்பா. மருந்து செய்யற படிப்பு. நூறு வாட்டி சொல்லியாச்சு."

"உங்க அத்தானும் அதைத்தானே படிச்சாரு. என்னத்த செஞ்சுட்டாரு?"

"அப்பா!"

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை."

"பரவாயில்ல மாமா. பெருசா ஒண்ணும் செய்யல."

4

[அவன் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மாத்திரைக்குத் தோல் போடுகிறான். பெரிய எஃகு உருளைக்குள் மாத்திரைகள் புரண்டு புரண்டு ஓடும். மேலிருந்து ஒரு கரைசல் பனி மாதிரி இறங்கி அவற்றின் மேல் படியும். சில மாத்திரைகளுக்கு அது வெறும் நிறம். சிலவற்றுக்கு அந்தத் தோல்தான் மருந்தின் காவல்காரன்: உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே விடாமல், அரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விடுகிறதா என்று சோதிக்கக் கண்ணாடிக் கலங்களில் உடம்புச் சூட்டில் தண்ணீர் வைத்து, மாத்திரையைப் போட்டு, துடுப்பைச் சுழலவிட்டு, மணிக்கொரு தரம் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். அவன் எட்டு ஆண்டுகளாகத் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஒரு வரைவில், மனைவி சாப்பிட்ட மாத்திரையும் அவன் தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஜோடனை பல்லிளித்தது. அடித்துவிட்டேன். அது வேறெங்கோ செய்த மாத்திரை.]

5

"அக்காவ நெனச்சுத்தான் இப்படிப் பண்றா" என்றார் மாமனார், அவள் இல்லாதது போல. "அழுகை மாதிரிதான் இதுவும். நாலு மாசத்துல வடிஞ்சிடும். படிப்பு நாலு வருஷம் இருக்கே. இந்த வீட்டுல மாத்திரை வாசனை போதும் மாப்பிள்ளை. எனக்கு முடியல."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. அந்த வாக்கியத்தை முடித்த பிறகு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சில்வண்டு சமையலறைக்குத் தேநீர் போடப் போனாள். அவனும் பின்னால் போய்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"உண்மையைச் சொல்லு. ஏன் இந்தப் படிப்பு?"

"நீங்களுமா? அக்காவுக்காகன்னு சொன்னா எல்லாரும் 'ஐயோ பாவம்'ங்குறாங்க. அக்காவுக்காக இல்லன்னா 'நெஞ்சழுத்தக்காரி'ங்குறாங்க. நான் எதத்தான் சொல்றது?"

"ரெண்டும் இல்லாம ஒண்ணு சொல்லு."

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசில அக்காவுக்கு மாத்திரையே இறங்கல அத்தான்."

"இறங்கலியா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. 'அவர் பயந்து ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுருவாரு, நான் இங்கயே இருக்கேன்'னு. விழுங்க முடியாம அழுவா அத்தான். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வெச்சு மாவா நசுக்குவேன். வேகவெச்ச ஆப்பிள்ல மசிச்சுக் குடுத்தா கசப்பே தெரியாது. ஒரு பொட்டு வீணாகாது. அக்காவே சொன்னா, 'உனக்குக் கைராசிடி'ன்னு."

"எந்த மாத்திரை?"

"எல்லாந்தான். அந்த ஊதா கலர் வலி மாத்திரை இருக்கே, அது மட்டும் கல்லு மாதிரி. மேல வழுவழுன்னு தோல் வேற. நழுவி ஓடும். ஆனா விடமாட்டேனே!" சிரித்தாள். "விழுங்க முடியாதவங்களுக்குன்னே மருந்து செய்யணும் அத்தான். அதுக்குத்தான். நான் இதுவரைக்கும் உருப்படியா செஞ்ச ஒரே வேலை அதுதான்."

பால் பொங்கியது. அவள்தான் அணைத்தாள்.

6

பார்மசி படிக்காதவர்களுக்காக.

தோலை உடைத்துவிட்டால் காவல்காரன் இல்லை. அரை நாளுக்கான மருந்து அத்தனையும் ஒரே வாயில் உள்ளே போகும். முதலில் அடித்துப் போட்டது மாதிரித் தூக்கம். பிறகு கையிருப்பு தீர்ந்து, அடுத்த வேளை வரும்வரை வலிக்கு எதிரில் எதுவும் இருக்காது.

அவனுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி பகலெல்லாம் கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தது. அவன் வந்து உட்காரும்போது பேச்சு குழறியது. விடியப் பார்க்கும் நேரங்களில் அவன் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தியது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். [நினைத்தார்கள்.]

அவளைக் கொன்றது நோய்தான். இதை ஒரே ஒரு முறை, அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்ன காலத்துக்கு முன்னால் அவள் போகவில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டது உயிரை அல்ல. தெளிவாக இருந்திருக்கக்கூடிய சில பகல்களை. தூங்கியிருக்கக்கூடிய சில இரவுகளை. எத்தனை என்று கணக்கிடும் அளவுக்கு அவன் படித்திருக்கிறான். கணக்கிடவில்லை.

யார் மேலும் குற்றம் இல்லை. மருந்துக் கடைக்காரர், "முழுசா விழுங்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் சொன்ன நாளில் அவளால் விழுங்க முடிந்தது.

இனி கதையின் முடிச்சு. அதை நான் போடவில்லை, பாடத்திட்டம் போட்டது. இந்தப் படிப்பில் மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம் வரும். மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரைகள் பற்றியது. அதில் ஒரு கேள்வியைத் தேர்வில் கேட்காத வருடம் கிடையாது: இவற்றை ஏன் நசுக்கக் கூடாது? சில்வண்டு கெட்டிக்காரி. முழு மதிப்பெண்ணுக்கு விடை எழுதுவாள். எழுதும்போது எந்த வரியில் அவள் கை நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

7

கதையைக் காப்பாற்ற நான் செய்தவை:

மாத்திரையை மாற்றினேன். நசுக்கினாலும் கெடுதல் இல்லாத சாதாரண மாத்திரை. பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான். அவன் தேநீரைக் குடித்துவிட்டு, "நல்ல படிப்பு, படி" என்று வாழ்த்திவிட்டுப் போனான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால், அந்தப் பக்கங்களில் இருந்தவர்கள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

மாமனாரை ஜெயிக்க வைத்தேன். அவன் அவர் பக்கம் சாய்ந்து, "வேலை கிடைக்கிறது கஷ்டம், கம்ப்யூட்டர் படிப்பு எடு" என்கிறான். அவள் கண்ணில் தண்ணீர். ஆனால் எந்த வகுப்பறையிலும் அந்தப் பாடம் அவள் மேல் விழாது. இது இரக்கம் என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு, உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்றாளே, அதை நம்பி ஒருத்தி எடுத்து வைத்த காலைப் பின்னாலிருந்து தட்டிவிடுவதற்கு என்ன பெயர் என்று —

சொல்ல வைத்தேன். சமையலறையிலேயே. "அந்த ஊதா மாத்திரை இருக்கு பாரு" என்று ஆரம்பித்தான். அவள், "ம்" என்றாள், ஆவலாக, ஏதோ பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு. அவன் —

[இந்த வாக்கியத்தைப் பதினைந்து விதமாக எழுதியிருக்கிறேன். எதுவும் முடியவில்லை.]

சொல்லாமல் விட்டேன். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. ஒரு மதியம் அவன் கைப்பேசி அடிக்கிறது. திரையில் அவள் பெயர். எடுக்கிறான். மறுமுனையில் சில்வண்டு பேசவே இல்லை.

8

அன்று உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அதையே அவனுக்கும் கொடுக்கிறேன்.

மாமனார் பால்கனியிலிருந்து திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். "சரி மாப்பிள்ளை. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இது அவளுக்கு ஒத்து வருமா?"

அவன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தான். சில்வண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மாதங்களில் அந்தக் கூடத்தில் தன் அக்காவைப் பார்த்துக்கொண்டவள்.

"படிக்கட்டும் மாமா."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ம்."

"போச்சு. இனி என்னை யாரு மதிப்பா!" என்றார் மாமனார். ஆனால் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தட்டுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் இடத்தில் பார்மசி. அவள் அழுத்தினாள். "முடிஞ்சுதா? இவ்வளவுதானா? இதுக்கா ஒரு வாரமா வீட்டை ரெண்டு பண்ணின?" என்றார்.

அவள் சிரித்தாள். கைப்பேசியில் பாடத்திட்டத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். முதல் ஆண்டு. இரண்டாம் ஆண்டு. உயிர்வேதியியல் என்றாள், ஐயோ என்றாள், இது பரவாயில்லை என்றாள்.

"அத்தான், மூணாவது வருஷந்தான் முதுகை ஒடிச்சுடுமாம், சீனியர் அக்கா சொன்னாங்க. இந்தத் தலைப்பே புரியல பாருங்க. இது என்ன பாடம்?"

கைப்பேசியை அவன் பக்கம் நீட்டினாள்.

"எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் மாமனார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று நான் எழுந்து வந்துவிட்டேன். வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அந்த நாளை போய்ப் பல நாளைகள் ஆகின்றன.

ஆனால் கதையில் இன்னும் அதே சாயங்காலம்தான். இதற்கு மேல் அவன் வாயில் நான் ஒரு சொல்லும் வைக்கப் போவதில்லை. வைத்தால், அது எனக்கான ஒத்திகை ஆகிவிடும். நான் அதைப் பார்த்துப் படித்துவிட்டுப் போய் ஒப்பித்துவிடுவேன்.

அந்தப் பாடம் இப்போது உங்களுக்கும் தெரியும். சோபாவில் அவனுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போகிறான். போனவன் வரக் காணோம். சில்வண்டு கொஞ்ச நேரம் கதவையே பார்க்கிறாள். பிறகு கைப்பேசியை உங்கள் பக்கம் திருப்புகிறாள்.