இரண்டாம் எண்ணில் விழுந்த இருநூறு டாலர்

என் மச்சானின் மானத்துக்கு விலை ஆயிரத்து இருநூறு டாலர். எண்ணூறில் ஆரம்பித்த பேச்சை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். தரகு, நூற்றுக்குப் பத்து. என் அப்பா ஹவானாவில் முரலியா தெருவில் துணி வியாபாரம் செய்தவர். கஜத்துக்கு இரண்டு காசு குறைப்பதற்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எதைப் பார்த்தாலும் முதலில் அதன் விலைதான் கண்ணில் படும்.

மச்சான் பெயர் கலார்சா. ஸ்பெயினின் பாஸ்க் மலைக்காரன். மயாமிக்கு வடக்கே உள்ள எங்கள் ஹை அலை அரங்கத்தில் மூன்று வருடமாக ஆடுகிறான். வலது மணிக்கட்டில் வளைந்த பிரம்புக் கூடையைக் கட்டிக்கொண்டு, வீடு இடிகிற வேகத்தில் பந்தைச் சுவரில் எறிவான். என் தங்கை ஒடாலிஸ் அந்த மணிக்கட்டைப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். முகத்தைப் பார்த்திருந்தால் யோசித்திருப்பாள். நான் அதே அரங்கத்தில் பதினான்காம் ஜன்னலில் பந்தயச் சீட்டு விற்கிறேன்.

விலை கொடுத்தவர் வெப். வடக்கிலிருந்து வந்து படகு எஞ்சின் விற்கும் மனிதர். எப்போதும் சலவைச் சட்டை, பையில் புதினா மிட்டாய். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை.

எங்கள் அரங்கத்தில் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஆட்டக்காரர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடைசி ஆட்டம் முடியும்வரை வெளியாள் ஒருவரும் அவர்களோடு பேசக் கூடாது. சாடை காட்டினாலும் தப்பு. வாசலில் அரசாங்க அதிகாரி நிற்பார். ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் அவராலும் தடுக்க முடியாது. அது ஆடுகளத்துக்கு மேலே விளக்குகளால் எழுதப்பட்டு எரிந்துகொண்டிருக்கும்.

பந்தயப் பலகையைச் சொல்கிறேன். இந்த எண் ஜெயிக்கும் என்று போடுகிற பணமெல்லாம் ஒரே உண்டியலில் விழும். அதில் அரங்கமும் அரசாங்கமும் நூற்றுக்குப் பதினெட்டு எடுத்துக்கொள்ள, மிச்சத்தை ஜெயித்த எண்ணின் மேல் போட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு எண்ணில் பணம் சேரச் சேர அதன் பங்கு மெலியும். ஏழுக்கு ஒன்று, அதாவது ஒரு டாலருக்கு ஏழு லாபம், என்று எரிவது ஆறாகும், ஐந்தாகும். பூட்டிய அறையின் கம்பி வலை வழியாக ஆட்டக்காரர்களுக்கும் அந்தப் பலகை தெரியும்.

வெப் ஒப்பந்தத்தை இப்படித்தான் வைத்திருந்தார்: "தம்பி, நான் உண்டியலைப் பாத்துட்டுக் கடைசி நிமிஷத்துலதான் முடிவு பண்ணுவேன். அவன் நம்பர் ஏழுலயே நின்னா தோக்கட்டும். ஜெயிக்கணும்னா அவன் நம்பர்ல நானே பணத்தைப் போட்டு இறக்குவேன். அஞ்சுக்குக் கீழ இறங்கினா ஜெயிக்கட்டும். வேற யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்."

கலார்சாவுக்கு அறுநூறு முன்பணம். வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று ஒடாலிஸ் ஆறு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அறுபதைக் கழித்துக்கொண்டு மீதியை அவன் கையில் வைத்தேன்.

"தோக்கறதுக்குக் காசு. இதுவரைக்கும் சும்மாவே தோத்துட்டு இருந்தேனே மச்சான்," என்று சிரித்தான். மறுநாளே அதை வீட்டுக்குக் கட்டிவிட்டான்.

எழுபத்தேழு மார்ச், போன சனிக்கிழமைப் பகல் காட்சி, ஒன்பதாவது ஆட்டம். எட்டுப் பேர். ஒரு புள்ளிக்கு இரண்டு பேர் மோத வேண்டும். தோற்றவன் வரிசைக் கடைசிக்குப் போவான், ஜெயித்தவன் நிற்பான். முதலில் ஏழு புள்ளி எடுத்தவனுக்கு ஆட்டம். கலார்சாவுக்கு இரண்டாம் எண். அது ஏழுக்கு ஒன்றில் நின்றது. முதல் மூன்று இடங்களையும் சேர்த்துச் சொல்லும் பந்தயத்துக்குத் தனி உண்டியல். அதில் இரண்டாம் எண் இல்லாத சேர்க்கைகளாகப் பார்த்து வெப் ஆறாயிரம் டாலரைப் பல ஜன்னல்களில் போட்டு முடித்திருந்தார். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது என் ஜன்னலுக்கு வந்தார்.

"மூணாம் நம்பர், ஜெயிக்கறதுக்கு. அம்பது டாலர் சீட்டு நாலு."

என் மனம் முழுக்கக் கலார்சா. அவன் நம்பும்படியாகத் தோற்பானா, அதிகாரிக்குச் சந்தேகம் வருமா என்று ஓடிக்கொண்டிருந்தது. விரலும் மனம் போன பக்கமே போய்விட்டது. இயந்திரம் நாலு சீட்டைத் துப்பியது. வெப் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"தம்பி, இதுல ரெண்டுன்னு போட்டிருக்கே."

பார்த்தேன். நாலிலும் இரண்டுதான்.

"ரத்து பண்ணிடு."

"முடியாது சார். அடிச்சா அடிச்சதுதான்."

"அப்ப இது யாரோடது?"

"நீங்க வாங்கலைன்னா என்னோடது சார்."

விதி அப்படித்தான். அரங்கத்தில் வேலை செய்கிறவன் பந்தயம் கட்டக் கூடாது. ஆனால் தவறாக அடித்த சீட்டுக்கு அடித்தவனே காசு போட்டாக வேண்டும். நாங்கள் பந்தயம் கட்ட அரசாங்கம் திறந்துவைத்த ஒரே கதவு என்று ஜன்னல்காரர்கள் எங்களுக்குள் கிண்டல் செய்வோம்.

வெப் மேசையில் வைத்திருந்த இருநூறு டாலரை ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தார். பிறகு பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பகல் காட்சி என்பதால் ஜெயிக்கிற எண்ணுக்கான உண்டியலில் மொத்தமே மூவாயிரம்தான். அதில் இரண்டாம் எண்ணில் இருந்தது முந்நூறு. என் இருநூறு சேர்ந்ததும் பலகை ஒரு கணம் கண் சிமிட்டியது. ஏழு போய் நாலு எரிந்தது.

"கை தவறிடுச்சு சார்."

"எந்தக் கை?" என்றார். சட்டைக்கு அளவு கேட்கும் கடைக்காரரைப் போலத்தான் கேட்டார். நான் வலது கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"சரி. மறுபடி ஏழாகணும்னா மத்த நம்பர்ல எவ்வளவு போடணும்?"

கணக்கு மட்டும் எனக்கு எந்த நிலையிலும் வரும். "ஆயிரத்து எழுநூறு."

பணப்பையைத் திறந்தார். தொள்ளாயிரம் இருந்தது. மீதிக்கு என் ஜன்னலின் பணப்பெட்டியில் கை வைத்தேன். மணி அடித்தது. இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி வலைப் பக்கம் ஓடினேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. அதிகாரி கையை நீட்டி மறித்தார். "பதினாலாம் ஜன்னலுக்கு இங்க என்னய்யா வேலை?" அவர் தோளுக்கு மேலே கலார்சா தெரிந்தான். கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். கடிதம் கிடைத்தது என்பதுபோல் சிரித்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஆடியதுபோல் அவன் என்றைக்கும் ஆடியதில்லை. பக்கச் சுவரில் ஏறி உதைத்துக் காற்றிலேயே பந்தைப் பிடித்தான். பின்சுவரில் பட்டு வந்ததைப் படுத்துக்கொண்டே எறிந்தான். ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஏழாவது புள்ளி எடுத்ததும் கூடை கட்டிய கையை உயரத் தூக்கினான். கூட்டத்தில் உட்கார்ந்தபடியே இருந்தவர் ஒருவர்தான். அவர் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

என் நாலு சீட்டுக்கு ஆயிரத்து நாற்பது டாலர் வந்தது. ஒரே ஆட்டத்தில் நான் அவ்வளவு சம்பாதித்ததில்லை.

வண்டி நிறுத்தும் இடத்தில் கலார்சா காத்திருந்தான். "எப்படி மச்சான்? வெப் கிழவன் சந்தோஷமா?"

சொன்னேன். கேட்டு முடித்ததும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். வீடு போகும்வரை வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெப் வீட்டுக்கே வந்தார். கையில் ஒடாலிஸுக்கு ஒரு பெட்டி கேக். கறுப்பு பீன்ஸும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "உன் தங்கச்சி கைப்பக்குவமே தனி, தம்பி."

"இவ்வளவு நல்ல மனுஷரை இத்தனை நாள் ஏண்ணே கூட்டிட்டு வரல?" என்று ஒடாலிஸ் என்னைக் கேட்டாள். கலார்சா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை அவள் கவனித்தாளா, தெரியாது.

அவள் காபி போட உள்ளே போனதும், வெப் ஆட்ட அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினார். போன பணம் ஆறாயிரம். முன்பணம் அறுநூறு. என் ஆயிரத்து நாற்பதை எண்ணி வாங்கிக் கழித்தார். ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது.

"வெள்ளிக்கிழமை. இல்லேன்னா ஒரு மணிக்கட்டு. அந்தப் பணம் முழுசா என்னோடது இல்ல தம்பி. எனக்கு மேல இருக்கறவங்க என்னை மாதிரி சாப்பிட வர மாட்டாங்க."

"நாலாயிரம்னு முடிச்சுக்கலாம் சார்," என்றேன். பழக்க தோஷம்.

அவர் காபிக்காகக் காத்திருந்தார். குடித்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதிர்விலை சொல்லாத மனிதரை என் வாழ்க்கையில் முதல்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

கலார்சாவை ஊருக்கு ஓடிவிடச் சொன்னேன். "நான் ஓடினா ஒடாலிஸ்? நீ?" என்றான்.

இன்று வியாழன். காலையில் கையில் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு வெப்பின் எஞ்சின் கடைக்குப் போனேன். எண்ணி வாங்கிக்கொண்டார். மீதிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்.

"தப்பு பண்ணினது என் கை சார். மச்சான் கையை விட்டுடுங்க. இதை எடுத்துக்குங்க."

கையைப் புரட்டிப் பார்த்தார். அப்பா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

"சீட்டு அடிக்கிற கை. நானூறுக்கு எடுத்துக்கறேன். அவன் கைன்னா மொத்தமும் தீர்ந்துடும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசி."

வீட்டுக்கு வந்து அதே அட்டவணையில், அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன்:

கொடுக்க வேண்டியது 5,560.
என் கார் விற்றது 1,100.
சேமிப்பு 740.
ஒடாலிஸின் தோடு, கேட்காமல் எடுத்தது 260.
என் தரகு, திருப்பியது 60.
என் வலது கை, அவர் சொன்ன விலை 400. நான் இன்னும் சரி சொல்லவில்லை.
சொன்னாலும் பாக்கி 3,000.